அண்ணாச்சி பதில்கள்: ஜவ்வு சிறப்பிதழ்

போன இதழில் ஒருவர் ஆட்டு இதயத்தின் மேலிருக்கும் ஜவ்வைப் பற்றிக் கேட்க, ஒற்றை வரியில் பதில் சொல்லி நழுவிவிட்டேன். விருதுநகர் மாவட்டம் விடுமா? தபால் முழுக்க ஜவ்வு. ஆகவே இந்த முறை அரசியலும் கிடையாது, சினிமாவும் கிடையாது.

கறிக்கடைக்காரர், சாத்தூர்
அண்ணாச்சி, ஆட்டு நெஞ்சைப் பிளந்தால் இதயம் தனியாக ஒரு பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பையைக் கீறினால் கொஞ்சம் தண்ணீர் வழிகிறது. ஆட்டுக்கு ஏதும் சீக்கா?

சீக்கு இல்லை. அந்தத் தண்ணீர் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். பையின் பெயர் பெரிகார்டியம், தமிழில் இதய உறை. வெளியே கெட்டியான நார்ப்பை. அதன் உட்புறம் வழுவழுப்பாக ஒரு மெல்லிய படலம். பெரிய ரத்தக் குழாய்கள் கிளம்பும் இடத்தில் அந்தப் படலம் மடங்கித் திரும்பி, இதயத்தின் மேலேயே ஒட்டிப் படர்ந்துவிடும். ஆக ஒரே படலம்தான், இரண்டு முகம். நடுவில் மனிதருக்கு 15 முதல் 50 மில்லி வரை திரவம். நாளொன்றுக்கு லட்சம் தடவை துடிக்கிற உறுப்பு அக்கம்பக்கத்தோடு உரசிப் புண்ணாகாமல் இருப்பது இதனால்தான்.

அந்த நார்ப்பைக்கு அவசரம் மட்டும் ஆகாது. நோயில் திரவம் மாதக்கணக்கில் மெள்ளச் சேர்ந்தால், நெகிழ்ந்து கொடுத்து ஒரு லிட்டர்வரைகூடத் தாங்கும். கத்திக்குத்து பட்டு ரத்தம் திடுதிப்பென்று கசிந்தால் 200 மில்லியே இதயத்தை நெரித்துவிடும். நீங்கள் கத்தியை ஆட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீட் மாணவி, விருதுநகர்
இதுபோல உடம்பில் எத்தனை உறை? புத்தகம் 'சீரஸ் சவ்வு' என்று ஆரம்பித்து நாலு பக்கம் போகிறது. சுருக்கமாக ப்ளீஸ்.

நாலு பக்கத்தைச் சுருக்குகிறேன் தாயி, ஆனால் ஒரு பத்திக்குக் கீழே போகாது.

நுரையீரலுக்குப் புளூரா, இடம் ஒன்று வலம் ஒன்று. இதயத்துக்குப் பெரிகார்டியம். வயிற்றுக்குப் பெரிட்டோனியம். ஆண்களுக்கு விரையைச் சுற்றி ட்யூனிகா வெஜைனாலிஸ் என்று ஒன்று உண்டு. அது பெரிட்டோனியத்திலிருந்து பிரிந்துபோன துண்டு. எல்லாவற்றிலும் சுவர்ப்பக்கம் ஒரு படலம், உறுப்புப்பக்கம் ஒரு படலம். சுவர்ப்பக்கத்தைப் பரைட்டல் என்றும் உறுப்புப்பக்கத்தை விசெரல் என்றும் எழுதினால் மதிப்பெண். இரண்டின் மேலும் மெசோதீலியம் என்ற ஒற்றை அடுக்குத் தட்டைச் செல்கள். கருவில் நடு அடுக்கு இரண்டாகப் பிளந்து இடையில் ஓர் உடற்குழி உண்டாகிறது. வெளிப்பாதி உடல்சுவரோடு போக, உள்பாதி குடலோடு போகிறது. படலம் இரட்டையாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பிளவு.

தேர்வில் மாட்டிவிடுவது இதுதான்: உறுப்புகள் அந்தக் குழிக்கு உள்ளே இல்லை. வெளியிலிருந்து அழுத்தி, படலத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. குழிக்குள் கொஞ்சம் திரவத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது.

அதே மாணவியின் தம்பி
மூளைக்கும் முழங்காலுக்கும்?

மூளைக்கு மெனிஞ்சஸ், முழங்காலுக்கு சைனோவியம். இரண்டும் வேறு குடும்பம், இந்தப் பந்தியில் இலை கிடையாது. அக்காவைப் படிக்க விடு.

பட்டாசு ஆலை ஃபோர்மேன், சிவகாசி
அண்ணாச்சி, நம்ம ஆலையில் மருந்து கலக்கிற அறை வேறு, செலுத்துகிற அறை வேறு, காயப்போடும் மேடை வேறு. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்று இடைவெளி விடுகிறோம். உடம்பிலும் அப்படித்தானா?

இந்த இதழின் சிறந்த கேள்விக்கான பரிசு உங்களுக்கு. உங்கள் கணக்கிலேயே போவோம்.

முதுகெலும்புள்ள பிராணிகளை வரிசையாக நிறுத்தி அறைகளை எண்ணுங்கள். சுறாவுக்கு இரண்டு: இதயத்துக்குத் தனி அறை, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய கூடம். அதிலும் விதிமீறல். இதய அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சிறு கால்வாய் திறந்தே கிடக்கும். போதாக்குறைக்குப் பல சுறாக்களுக்கு வயிற்றுக் குழியிலிருந்து உடம்புக்கு வெளியிலேயே துளை உண்டு. உங்கள் உரிமம் கொடுக்கும் அதிகாரி பார்த்தால் அன்றைக்கே சீல் வைப்பார்.

தவளைக்கு நுரையீரல் வந்துவிட்டது, ஆனால் அதற்குத் தனி அறை ஒதுக்கவில்லை. ஈரல், குடல், நுரையீரல் எல்லாம் ஒரே கூடத்தில். பழைய தலைமுறை விலங்கியல் மாணவர்கள் தவளையை அறுத்தபோது வயிற்றைத் திறந்தவுடனே நுரையீரல் எட்டிப் பார்த்தது இதனால்தான். பல்லி, ஓணான் வகையிலும் பெரும்பாலும் இதே கதை. முதலை கொஞ்சம் முன்னேறி நடுவில் தடுப்பு எழுப்பியது. அந்தத் தடுப்போடு ஈரலைச் சேர்த்துத் தசையால் பின்னுக்கு இழுத்துத்தான் மூச்சு வாங்குகிறது.

பாலூட்டிக்கு நாலு அறை: நுரையீரலுக்கு இரண்டு, இதயத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம். சுவர் என்றும் சொல்லலாம், மூச்சை இழுக்கும் மோட்டார் என்றும் சொல்லலாம். வயிற்றில் சீழ் பிடித்தால் நுரையீரலுக்கு எளிதில் ஏறாமல் தடுப்பதும் அதுதான்.

விதிமுறையைக் கடைசி எழுத்துவரை கடைப்பிடிப்பது யார் தெரியுமா? கோழி. நுரையீரலுக்கு இரண்டு, இதயத்துக்கு ஒன்று, ஈரலைச் சுற்றி மட்டும் நான்கு, குடலுக்கு ஒன்று. மொத்தம் எட்டு. ஆய்வுக்கு ஆள் வந்தால் கோழியைக் காட்டுங்கள்.

இல்லத்தரசி, அருப்புக்கோட்டை
நாட்டுக்கோழி சுத்தம் செய்யும்போது எல்லாம் கையோடு வருகிறது, நுரையீரல் மட்டும் விலா எலும்பில் ஒட்டிக்கொண்டு விரலை விட்டுத் தோண்ட வேண்டியிருக்கிறது. ஏன் அண்ணாச்சி இந்தப் பிடிவாதம்?

ஆட்டு நுரையீரலும் நம்முடையதும் சுருங்கி விரிகிறவை. சுருங்கி விரிய வேண்டுமென்றால் சுவரோடு வழுக்க வேண்டும், வழுக்க ஈரமான இரட்டைப் படலம் வேண்டும். கோழியின் நுரையீரல் ஏறக்குறைய விரிவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் காற்றுப்பைகள் துருத்தி வேலையைப் பார்க்கின்றன. காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடிப்போகிறது. அசையாத உறுப்புக்கு வழுக்குப்பாதை எதற்கு? ஆகவே விலா எலும்புகளுக்கு இடையே அழுந்திப் பதிந்து உட்கார்ந்துவிட்டது. உதரவிதானத் தசையும் கோழிக்குக் கிடையாது. தோண்டுங்கள், வேறு வழியில்லை.

அவருடைய நாத்தனார், அதே ஊர்
கோழிக்குச் சொன்னீர்கள். கண்மாயில் பிடித்த ஜிலேபி கெண்டை வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு ஜவ்வு இருக்கிறதே, அழுக்குத் தண்ணீரால் வந்ததா?

கண்மாய் மேல் பழி போடாதீர்கள். அதுவும் பெரிட்டோனியம்தான். அந்த மீனுக்குப் படலத்தில் கறுப்பு நிறமிச் செல்கள் பிறவியிலேயே உண்டு. மடவைக்கும் பால்மீனுக்கும் இப்படித்தான் இருக்கும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் கசக்கும், மண்வாசம் அடிக்கும். கத்தி நுனியால் சுரண்டி உப்புப் போட்டுக் கழுவினால் வந்துவிடும். இரண்டு வீட்டுக்கும் ஒரே அருவாமனையா?

பால்காரர், திருத்தங்கல்
தீபாவளி முடிந்தால் தெருவெல்லாம் எரிந்த கம்பி மத்தாப்புக் கம்பி. மாடு குப்பையை மேய்கிறது. ஒருநாள் மாடு தீனி எடுக்காமல் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. கால்நடை டாக்டர் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். மாட்டுக்கு என்ன, ஜோசியமா?

ஜோசியமில்லை அய்யா. அவர் சொன்னது மிகச் சரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் செய்கிற பொருள் நம் ஊர் மாட்டுக்கே எமனாகும் இடம் இது.

மாடு மென்று தின்பதில்லை. விழுங்கிவிட்டு அப்புறம் அசைபோடும். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கைச் சுழற்றி வாரி உள்ளே தள்ளும். வைக்கோலோடு ஆணி வந்தாலும் கம்பி வந்தாலும் தெரியாது. மாட்டின் நாலு இரைப்பையில் இரண்டாவது, உள்புறம் தேன்கூடு மாதிரி அறையறையாக இருக்குமே, வலைப்பை, அதில் போய்க் கனமான உலோகம் எல்லாம் தங்கும். அந்த வலைப்பை ஒவ்வொரு தடவை இறுகும்போதும் உள்ளே கிடக்கும் கம்பியின் முனை ஏதாவது ஒரு பக்கம் குத்தும்.

எந்தப் பக்கம் குத்துகிறது என்பதில்தான் மாட்டின் தலையெழுத்து. வலைப்பையின் முன்புறம் உதரவிதானம். உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் சில அங்குலத்தில் இதய உறை. கம்பி முதலில் வலைப்பைச் சுவரைத் துளைக்கும்போதே அதன் மேல் போர்த்திய பெரிட்டோனியத்தைத் துளைத்துவிடும். உடனே அங்கே அழற்சி, ஒட்டல், வலி. மாடு முதுகைக் கூனும், முழங்கையை வெளியே விரித்து நிற்கும், இறக்கத்தில் இறங்கச் சொன்னால் முனகும், பால் திடீரென்று வற்றும். பல மாடுகளுக்கு இந்த மட்டோடு நின்றுவிடும். காரணம், அந்தப் படலம் காயத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சீழைச் சிறைவைத்துவிடும்.

கம்பி மேலும் முன்னே போனால் உதரவிதானத்தைத் தாண்டி இதய உறைக்குள் நுழையும். வயிற்றுக் கிருமியும் கூடவே போகும். பைக்குள் சீழ் சேரும். கழுத்து ரத்தக் குழாய் புடைக்கும், தாடைக்கும் நெஞ்சுக்கும் அடியில் நீர் கோத்துத் தொங்கும், காதை வைத்துக் கேட்டால் துடிப்போடு சளக் சளக் என்று தண்ணீர்ச் சத்தம். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. பெரிட்டோனியத்தோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் வயிற்றைத் திறந்து கம்பியை எடுக்கலாம், அல்லது காந்தத்தை விழுங்கவைத்து உலோகத்தை வலைப்பைக்குள்ளேயே பிடித்து வைக்கலாம்.

நல்லவேளை, மத்தாப்புக் கம்பி இரும்பு, காந்தத்துக்கு மசியும். தீபாவளி மறுநாள் காலையில் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு லீவு நாளில் விளையாட்டாகவும் போகும். எரிந்த கம்பியை வாளித் தண்ணீரில் போடுங்கள் என்று நாம் பெட்டிக்குப் பெட்டி அச்சடித்து உலகத்துக்கே சொல்கிறோம். சொந்தத் தெருவில் வாளியைக் காணோம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருதுநகர்
பித்தப்பைக் கல்லுக்குத் துளைவழி அறுவை செய்தார்கள். வயிற்றில் வலி இல்லை, வலது தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. தோளில் யாரும் கத்தி வைக்கவில்லையே?

வயிற்றை உப்பவைக்கக் கரியமில வாயுவை ஊதுவார்கள். மிச்சம் கொஞ்சம் உதரவிதானத்தின் அடியில் போய்த் தங்கி அங்குள்ள பெரிட்டோனியத்தை உறுத்தும். அந்த இடத்துச் செய்தியைச் சுமந்து போகும் ஃபிரெனிக் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் கணுக்களில் போய்ச் சேர்கிறது. தோள்தோலின் நரம்பும் அதே வட்டாரம். மூளைக்கு முகவரி குழம்பி, தோள் வலிக்கிறது என்று தந்தி அடித்துவிடுகிறது. இரைப்பைப் புண் ஓட்டையானவர்களுக்கும் தோள் வலிப்பது உண்டு. அது மட்டும் வாயு இல்லை, உடனே ஓட வேண்டிய சமாசாரம்.

கல்லூரி மாணவர், ராஜபாளையம்
எனக்குக் குடல்வால் அழற்சி வந்தபோது தொப்புளைச் சுற்றி வலித்தது, ஆறு மணி நேரம் கழித்து வலது அடிவயிற்றுக்கு இடம் மாறியது. குடல்வால் நடந்து போனதா?

குடல்வால் இருந்த இடத்திலேயே இருந்தது, நரம்புதான் மாறியது. உறுப்பின் மேல் ஒட்டிய படலத்துக்குச் சரியாக இடம் சொல்லத் தெரியாது. 'எங்கேயோ நடுவில்' என்று மொட்டையாகச் சொல்லும். அழற்சி பரவிச் சுவர்ப் படலத்தைத் தொட்டவுடன் கதை வேறு. அதற்கு வயிற்றுச் சுவரின் நரம்பு, துல்லியமாக விரல் வைத்துக் காட்டும். டாக்டர் அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்துப் பார்த்திருப்பாரே, சுவர்ப் படலத்தைத்தான் விசாரித்தார். நெஞ்சிலும் இதே ஏற்பாடு. நுரையீரல் ஜவ்வுக்கு வலி தெரியாது. மூச்சை இழுத்தால் சுரீர் என்று குத்துவது சுவர்ப்பக்கப் புளூரா.

கேட்ட கேள்விக்கு வெளியே ஒன்று: ராஜபாளையம் நாய் வளர்க்கிறீர்களா? நாய்க்கு இரண்டு புளூராவுக்கும் நடுவில் உள்ள தடுப்பு மிக மெல்லியது. ஒரு பக்கம் நெஞ்சில் அடிபட்டுக் காற்று புகுந்தால் பல சமயம் இரண்டு நுரையீரலும் சுருங்கும். காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்ட அதை அனுப்பியவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

பரோட்டா ரசிகர், விருதுநகர்
எண்ணெய் பரோட்டாவுக்கும் பெரிட்டோனியத்துக்கும் ஏதாவது தொடர்பு?

உண்டு, உங்கள் சட்டைப் பொத்தான் சாட்சி. இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து குடலின் மேல் திரை போலத் தொங்கும் பெரிட்டோனிய மடிப்புக்கு ஓமென்டம் என்று பெயர். ஆட்டு வயிற்றில் வெள்ளையாக வலை வலையாகப் பார்த்திருப்பீர்கள். தொப்பையில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கிள்ளிப் பார்க்கலாம். ஓமென்டத்தில் சேர்வதைக் கிள்ள முடியாது. சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் இரண்டாவதுதான் நெருங்கிய சொந்தம்.

ஆனால் அதைக் கொழுப்பு மூட்டை என்று மட்டும் திட்டாதீர்கள். வயிற்றுக்குள் எங்கே சீழ் பிடித்தாலும் அங்கே ஒட்டிக்கொண்டு சுற்றி வளைத்துவிடும். ரதர்ஃபோர்ட் மாரிசன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் இதை வயிற்றின் போலீஸ்காரர் என்றார். தொப்பையோடு ஓடுகிற போலீஸ்காரர் என்பதால் பெயர் பொருத்தம்தான்.

மொத்த வியாபாரி, சிவகாசி
அணுகுண்டு வெடித்தால் நெஞ்சு அதிர்கிறது. நுரையீரல் ஜவ்வு கிழியுமா?

கணக்குப் போடுவோம். சட்டப்படி வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் உச்ச ஒலி 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதை அழுத்தமாக மாற்றினால் 350 பாஸ்கல் சொச்சம். காது ஜவ்வு கிழிய 35,000 பாஸ்கல் அளவுக்கு வேண்டும், நுரையீரல் சேதமாக ஒரு லட்சம் பாஸ்கல் அளவுக்கு. ஆக விதிப்படி செய்த வெடி, விதிப்படி தள்ளி நின்றால், நெஞ்சைத் தொடாது. காதுக் கேள்வி வேறு: ஜவ்வு கிழியாமலே கேட்கும் திறன் குறையலாம்.

ஆலைக்குள் நடக்கிற விபத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் ஆகிய நாட்களை இந்த மாவட்டம் மறக்காது. மூடிய அறைக்குள் மருந்து வெடிக்கும்போது அழுத்த அலை காற்றிருக்கும் உறுப்புகளைத் தேடி அடிக்கும்: காது, நுரையீரல், குடல். காற்றும் திசுவும் சந்திக்கும் இடம்தான் முதலில் கிழியும். நுரையீரல் கிழிந்தால் காற்று புளூரா இடைவெளிக்குள் புகும். சாதாரணமாக அங்கே வெளிக்காற்றைவிட அழுத்தம் கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவுதான் நுரையீரலை விரித்துப் பிடித்திருக்கிறது. காற்று நுழைந்ததும் பிடி விட்டு நுரையீரல் சுருண்டுவிடும். வெளியே கீறல்கூட இல்லாமல் எழுந்து நடப்பவரும் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறலாம். தீக்காயம் கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரியாது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குக் கிளம்புகிறவரையும் அரசு மருத்துவமனை வாசலைத் தொடவைத்துவிட்டு அனுப்புங்கள்.

மருந்து அறைத் தொழிலாளி, வெம்பக்கோட்டை
நாள் முழுக்க அலுமினியப் பவுடர். சாயங்காலம் உடம்பெல்லாம் வெள்ளியாக வீட்டுக்குப் போகிறேன். இது நெஞ்சு ஜவ்வில் போய்ப் படியுமா?

வேடிக்கை பேசாமல் பதில் சொல்கிறேன். அந்த நைஸ் பவுடர் குளிக்கும்போது தோலை விட்டுப் போய்விடும், நுரையீரலை விட்டுப் போகாது. 1930, 40-களில் ஜெர்மனியில் வெடிமருந்துக்கான அலுமினியத் தூள் தயாரித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் தழும்பேறிச் சுருங்கியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சிலருக்கு அது தானாகவே கிழிந்து புளூராவுக்குள் காற்றுப் புகுந்தது. எல்லோருக்கும் வருவதில்லை. தூளின் அளவு, அதன் மேல் பூசிய எண்ணெய், எத்தனை வருடம் சுவாசித்தோம் என்பதைப் பொறுத்தது. துண்டைக் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது. முகத்தில் இறுகப் பொருந்தும் நல்ல முகமூடியை முதலாளியிடம் கேளுங்கள். உரிமையோடு கேளுங்கள்.

புளூராவுக்கு நேரடி எதிரி வேறொன்று: கல்நார். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் தோழர்களும் மெசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்த 33 பேரைப் பற்றி எழுதி, கல்நார்ச் சுரங்கத் தூசிதான் காரணம் என்று காட்டினார்கள். அந்தத் தட்டைச் செல்களிலேயே வரும் புற்று அது. தூசி உள்ளே போய் 20 முதல் 50 வருடம் கழித்துக் கதவைத் தட்டும். பல நாடுகள் கல்நாரைத் தடைசெய்துவிட்டன. நாம் அதைக் கூரையாக்கி அதன் அடியில் படுத்துத் தூங்குகிறோம். கூரை சும்மா கிடந்தால் பெரிய ஆபத்தில்லை. அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைந்ததைக் காலால் மிதித்து நொறுக்காதீர்கள்.

மருமகள், காரியாபட்டி
மாமாவுக்கு 'நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது' என்கிறார்கள். ஊசி போட்டு ஒரு லிட்டர் எடுத்தார்கள். நுரையீரலைக் குத்திவிட மாட்டார்களா?

நீர் நுரையீரலில் இல்லை, அதற்கு வெளியே புளூராவின் இரண்டு படலத்துக்கும் நடுவில். சாதாரணமாக அங்கே இரண்டு மூன்று தேக்கரண்டிதான் இருக்கும். ஊசி சுவர்ப் படலத்தைத் தாண்டியதும் நின்றுவிடும். எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். 1972-ல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில்: நீரில் உள்ள புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் என்றால் ஜவ்விலேயே கோளாறு, குறைவென்றால் பெரும்பாலும் இதயமோ ஈரலோ சிறுநீரகமோ காரணம். நம் நாட்டில் முதல் வகையில் காசநோய் முன்வரிசை. அப்படியென்றால் பயப்பட வேண்டாம். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்ததே 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மனைவி, நரிக்குடி
வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வயிற்றிலேயே டயாலிசிஸ் செய்யலாம் என்கிறார்கள். வயிறு எப்படிச் சிறுநீரகம் ஆகும்?

வயிறு ஆகாது அக்கா, பெரிட்டோனியம் ஆகும். அதை விரித்துப் போட்டால் ஒரு மனிதனின் மேல்தோல் பரப்பளவுக்கு வரும், உள்ளெல்லாம் நுண்குழாய். சுமார் 2 லிட்டர் சர்க்கரைக் கரைசலைக் குழாய் வழியாக உள்ளே விட்டால், ரத்தத்தில் உள்ள யூரியாவும் அதிகப்படி நீரும் படலத்தின் வழியே கரைசலுக்கு வரும். சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதிது. நாளைக்கு மூன்று நான்கு தடவை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், ஊர் செவிலியரிடம் கேளுங்கள். கையை நன்றாகக் கழுவியே குழாயைத் தொட வேண்டும். வடித்த நீர் கலங்கலாக இருந்தால் ஜவ்வில் கிருமி என்று அர்த்தம். பையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனை.

பெயர் வேண்டாம், மல்லி
விரை வீங்கியிருக்கிறது, வலியில்லை. வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நாலாவது உறை ஒன்று சொன்னேனே, அதற்குள் நீர் சேர்ந்திருக்கலாம். ஹைட்ரசீல். சிசு வயிற்றில் இருக்கும்போது விரை கீழே இறங்கும், கூடவே பெரிட்டோனியத்தின் ஒரு துண்டை இழுத்துக்கொண்டு வரும். பாதை மூடிக்கொள்ளாவிட்டால் குழந்தைக்குக் குடலிறக்கம். மூடிய பின் மிஞ்சிய பைக்குள் பிற்பாடு நீர் கோப்பது உங்கள் கதை. யானைக்காலைத் தரும் அதே புழுவாலும் வரும். சின்ன அறுவைதான். கட்டியா நீரா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கூச்சத்தை வேட்டி மறைக்கும், கட்டியை மறைக்கக் கூடாது.

நர்சிங் மாணவி, சிவகாசி
பெரிட்டோனியம் முழுக்க மூடிய பை என்கிறார் எங்கள் மேடம். சரியா?

மேடம் ஆண்களைப் பற்றிச் சொல்லியிருப்பார். பெண்களுக்குக் கருக்குழாய்களின் முனை பெரிட்டோனியக் குழிக்குள் திறந்திருக்கிறது. சினைப்பையிலிருந்து வெடித்து வரும் முட்டை அந்த வெட்டவெளியைக் கடந்துதான் குழாய்க்குள் போக வேண்டும். இதைச் சொன்னதற்காக இன்டர்னலில் கை வைத்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

வரலாற்று ஆர்வலர், வத்திராயிருப்பு
சவ்வுகளை முதலில் வகைப்படுத்தியவர் யார்?

சவியே பிஷா, பிரெஞ்சுக்காரர். 1800 வாக்கில் சவ்வுகளுக்கென்றே ஒரு நூல் எழுதி, சளிச் சவ்வு, சீரஸ் சவ்வு, நார்ச் சவ்வு என்று பிரித்தார். மைக்ராஸ்கோப்பை நம்பவில்லை. கண்ணும் கத்தியுமாக வேலை பார்த்தார். 1802-ல் 30 வயதில் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு பழைய துறையில் இனி என்ன புதுசு என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்து கால்வின் காஃபி, குடலை முதுகுச் சுவரோடு கட்டிப்போடும் மெசென்ட்ரி துண்டு துண்டு அல்ல, ஒரே தொடர்ச்சி, அதைத் தனி உறுப்பாகவே கருத வேண்டும் என்று 2016-ல் எழுதிப் பரபரப்பாக்கினார். சிறுகுடலைத் தாங்கும் பகுதியின் வேர் 15 சென்டிமீட்டர்தான். அதிலிருந்து விசிறி போல விரிந்து 6 மீட்டர் குடலைச் சிக்கில்லாமல் பிடித்திருக்கிறது. சேவு பிழிகிறவர்கள் கவனிக்க.

அதே நீட் மாணவி, விருதுநகர்
கடைசியாக ஒன்று. 'எல்லாப் பாலூட்டிகளுக்கும் நுரையீரலைச் சுற்றிப் புளூரா இடைவெளி உண்டு.' சரியா, தவறா?

பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், மேற்கே மலையைப் பாருங்கள். 2021-லிருந்து புலிகள் காப்பகம், ஆனால் நம் கேள்விக்கு அங்குள்ள யானைதான் வேண்டும். வளர்ந்த யானைக்குப் புளூரா இடைவெளி இல்லை. இரண்டு படலமும் தடித்து, நடுவில் தளர்ந்த இணைப்புத் திசு நிரம்பிக் கிடக்கும். அப்படியும் மூச்சு விடுகிறது, குறைச்சலில்லாமல்.

ஏன் இப்படி என்பதற்கு ஜான் வெஸ்ட் என்ற சுவாச இயலாளர் 2001 வாக்கில் ஒரு விளக்கம் சொன்னார். யானை ஆற்றில் முழுக முழுகப் போகும்போது தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விடும். உடம்பு 2 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தில், நுரையீரலுக்குள் மட்டும் மேற்பரப்புக் காற்றின் அழுத்தம். இந்த வித்தியாசத்தில் நமக்கென்றால் சுவர்ப் புளூராவின் நுண்குழாய்கள் வெடித்து ரத்தம் கசியும். யானை அந்த இடைவெளியையே தூர்த்துவிட்டது. இது வெஸ்ட்டின் கருதுகோள், யானை இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

ஆகவே சரியான விடை 'தவறு'. ஆனால் விடைத்தாளில் 'சரி' என்று குறித்துவிட்டு வா தாயி. திருத்துகிறவர் யானை இல்லை.